காபி கொடுத்த வீடுகள்

சுவருக்கு வெள்ளை அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். நம் பொம்மைக் கம்பெனிக்கு எதிரே இருக்கிற நீள மதிலில் காலையிலிருந்து இரண்டு பேர் மும்முரமாக இருக்கிறார்கள். வேலைக்கு நடந்து வரும்போதே ஈரச் சுண்ணாம்பும் நீலமும் கலந்த வாடை வந்துவிட்டது. அந்த வாடை வந்தால் தேர்தல் வருகிறது என்று அர்த்தம், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மதிலின் மூலையில் நம் கட்சிப் பெயரும் பக்கத்தில் 'ரிசர்வ்' என்ற சொல்லும் அதற்குள் ஏறிவிட்டன. எதிர்த்தரப்பு வருவதற்குள் சுவரைப் பிடித்துவிட்ட சந்தோஷத்தில் பையன்கள் பாட்டுப் போட்டுக்கொண்டு வேலை செய்கிறார்கள்.

ஆட்சி போய் இத்தனை வருஷமாக எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்திருக்கிறோமே, இந்த முறையாவது திரும்பப் பிடிப்போமா என்றுதான் அந்தச் சுவரைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. வாளியை இறக்கி வைத்துவிட்டு அந்த இரண்டு பேரில் ஒருவன் கேட்டான்: "அந்த அக்கா இருந்திருந்தா இந்நேரம் எத்தினி சீட்டுன்னு எண்ணிச் சொல்லியிருக்கும், இல்லீங்க?" செத்துப் போனவள் நீ. சுவரோரம் குத்துக்கல் மாதிரி நிற்கிறவள் நான். அவன் விசாரித்தது உன்னை. மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கக்கூட எனக்கு மனசில்லை.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். உன்மேல் எனக்குப் பொறாமை. நீ இருந்தபோதும் பொறாமைதான், இப்போதும் பொறாமைதான். போனவர்களுக்கு எழுதும்போது நல்லதை மட்டும் எழுத வேண்டும் என்பார்கள். அப்படி எழுத முடிகிறவர்கள் எழுதட்டும். எனக்கு முடியவில்லை.

கட்சிக்கு உன்னைக் கூட்டி வந்தது நான். யாரும் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை என்பதால் இங்கேயாவது எழுதி வைக்கிறேன். அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளின் ஓரப் பிசிறை ஈரப் பஞ்சால் துடைக்கிற வேலைக்கு நீ புதிதாகச் சேர்ந்து, என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாய். எனக்கு ஒரு வயது இளையவள். நான் அப்போதே மகளிர் அணியில் ஆறு வருஷம் பழுத்தவள். "மாநாட்டுக்கு வேன் போவுது, வரியாடி?" என்று கேட்டேன். "சோறு போடுவாங்களாக்கா?" என்று கேட்டுவிட்டு ஏறினாய். நான் கட்சிக் கரை போட்ட புடவை கட்டிக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். நீ ஏதோ பூப்போட்ட புடவையில் பின்னால் இருந்தாய். திரும்பி வரும்போது உளுந்தூர்ப்பேட்டை தாண்டுவதற்குள் வேனில் இருந்த அத்தனை பெண்களும் உன்னைச் சுற்றித்தான் இருந்தார்கள். முன் சீட்டில் நானும் டிரைவரும் மட்டும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தோம்.

நம் தெருக்களில் முதல் தடவை ஓட்டுக் கேட்கப் போன நாளை நீ மறந்திருக்க மாட்டாய். மூன்றாவது வீட்டில் ஒரு அம்மா நம்மை உள்ளே கூப்பிட்டு, நாற்காலி போட்டு, ஃபேனை நம் பக்கம் திருப்பி வைத்து, காபி கொடுத்தாள். எனக்கு வாயெல்லாம் பல். வெளியே வந்ததும் நீ சொன்னாய்: "அக்கா, இந்த வூடு போச்சு."

"ஏன்டி? காபி குடுத்துச்சு, எவ்ளோ மரியாதையாப் பேசுச்சு!"

"அதான்க்கா. ஓட்ட வேற எடத்துல போடப்போவுது. நம்மள வெறுங்கையா அனுப்ப மனசு வரல. காபியக் குடுத்து அனுப்புது."

அடுத்த வீட்டில் இருந்தவள் நம்மைப் பார்த்ததும் குடத்தை நங்கென்று வைத்தாள். பைப்பில் பத்து நாளாகத் தண்ணீர் இல்லை, எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு வந்தீர்கள் என்று தெருமுனை வரை கேட்கும்படி திட்டினாள். நான் பயந்து ஓரமாக ஒதுங்கினேன். நீ பையிலிருந்து வாக்காளர் பட்டியலை எடுத்து அவள் பெயருக்கு நேரே பச்சைப் பேனாவால் ஒரு டிக் போட்டாய். "இது நம்ம வூடு. நம்மாளுன்னு நெனைக்கப்போயிதான் சண்டைக்கு வருது" என்றாய். நமக்கு என்றால் பச்சை டிக், அவர்களுக்கு என்றால் சிவப்பு இன்ட்டு. வேறு கணக்கே உன்னிடம் கிடையாது.

அந்தத் தேர்தலில் நாம் ஆட்சியைப் பிடித்தோம். நம் பூத்தில் நீ சொன்ன எண்ணிக்கை ஏறக்குறைய அப்படியே வந்தது. அடுத்த தேர்தலில் எல்லோரும் மறுபடியும் நாம்தான் என்று குதித்துக்கொண்டிருந்தபோது, நீ மட்டும் நகரச் செயலாளரிடம் போய், "போவுதுண்ணே" என்றாய். அவர் உன்னை அடிக்காத குறை. போய்விட்டது. தோற்ற துக்கத்தில்கூட ஆபீசில் எல்லோரும் பேசியது உன்னைப் பற்றித்தான். எனக்கு ஆட்சி போன வருத்தம் ஒரு பங்கு என்றால் இது இரண்டு பங்கு.

பிறகு நகராட்சித் தேர்தல் வந்தது. நம் வார்டைப் பெண்களுக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள். எனக்குத்தான் என்று நான் நினைத்தேன். நினைத்தது என்ன, புடவையே எடுத்துவிட்டேன். வேட்பாளர் பட்டியலில் உன் பெயர் வந்தது. நீ நேரே என் வீட்டுக்கு ஓடி வந்து, "அக்கா, நான் கேக்கவே இல்லக்கா, அவங்களாப் போட்டுட்டாங்க" என்றாய். அது உண்மை என்று எனக்குத் தெரியும். கேட்டு வாங்கியிருந்தால் உன்னை வெறுப்பது சுலபமாக இருந்திருக்கும்.

ஓட்டுப்பதிவுக்கு முன்தினம் நீ எங்கள் தெருவில் கடைசிச் சுற்று வந்தாய். நான் முந்திரி போட்டுக் கேசரி கிளறி வைத்திருந்தேன். உன்னை உட்கார வைத்தேன், குங்குமம் வைத்தேன், காபி கொடுத்தேன். "நீ ஜெயிச்சா நான் ஜெயிச்ச மாதிரிடி" என்றேன். நீ கேசரியை வழித்துச் சாப்பிட்டுவிட்டு இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினாய். "போயிட்டு வரேன்க்கா" என்று என் கையைப் பிடித்துவிட்டுப் போனாய். மறுநாள் எங்கள் வீட்டு ஐந்து ஓட்டும் எதிர்ச் சின்னத்துக்குப் போயின. என் வீட்டுக்காரர், இரண்டு பிள்ளைகள், மாமியார், நான். நான்தான் சொன்னேன். அதை முடித்துவிட்டு, உன் பூத் ஏஜென்டாக உள்ளே போய் உட்கார்ந்து, நீ கொடுத்தனுப்பிய பிரியாணிப் பொட்டலத்தையும் பிரித்துச் சாப்பிட்டேன்.

நீ தோற்றாய். விரல் விட்டு எண்ணிவிடக்கூடிய வித்தியாசம். எங்கள் வீட்டு ஓட்டு இந்தப் பக்கம் விழுந்திருந்தால் நீ கவுன்சிலர்.

கட்சி ஆபீசில் விசாரணை வைத்தார்கள். யாரோ உள்ளடி வேலை செய்திருக்கிறார்கள், யார் என்று சொல் என்று நகரச் செயலாளர் மேஜையைத் தட்டினார். நான் உன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். நீ தலையைக் குனியாமல் சொன்னாய்: "யாரும் எதுவும் பண்ணலண்ணே. எங் கணக்குதான் தப்பிடுச்சு." எனக்கு மூச்சு வந்தது. மூச்சு வந்ததும் என்ன நினைத்தேன் தெரியுமா? ஆக, இவள் கணக்கும் தப்பும். அன்றைக்கு வீட்டுக்கு வந்து இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன். அதற்குப் பிறகு கம்பெனியில் யாராவது உன்னைப் புகழ்ந்தால், "எல்லாஞ் சரி, தன்னோட எலெக்ஷன்ல கோட்ட வுட்டுட்டாளே" என்று நான் பஞ்சைப் பிழிந்துகொண்டே சொல்வேன். நீயும் கூடச் சேர்ந்து சிரிப்பாய்.

பிறகு உனக்குக் காமாலை வந்தது. முதலில் நாட்டு மருந்து கட்டினீர்கள், பிறகு பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள், மூன்றாவது வாரம் உன்னை வண்டியில் கொண்டு வந்தார்கள். நகரச் செயலாளர் தன் கையால் உன்மேல் கட்சிக் கொடியைப் போர்த்தினார். நான் மார்பில் அடித்துக்கொண்டு அழுதேன், அது பொய்யில்லை. அழுதுகொண்டே, நான் போனால் எனக்குக் கொடி போர்த்துவார்களா என்றும் நினைத்தேன். அதுவும் பொய்யில்லை.

போன மாதம் நகரச் செயலாளர் என்னைக் கூப்பிட்டுவிட்டார். நம் பூத்துக்கு நான்தான் பொறுப்பு. "டவுனு வந்தா தொகுதி வரும். ஒவ்வொரு தொகுதியா வந்தாதாம்மா கோட்டையில நாம திரும்ப உக்கார முடியும். வூடு வூடாப் போயி நெலவரத்தச் சொல்லு" என்றார். கிளம்பும்போது குரலைத் தணித்து, "அடுத்த நகராட்சித் தேர்தல்ல வார்டு ஒனக்குத்தான்" என்றும் சொன்னார். எத்தனை வருஷமாகக் காத்திருந்த வார்த்தை அது. கடைவீதியில் எனக்குத் தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

மறுநாளிலிருந்து தெருத் தெருவாகப் போனேன். என்ன வரவேற்பு என்கிறாய்! முதல் வீட்டில் காபி. இரண்டாவது வீட்டில் காபி, முறுக்கு. ஒரு வீட்டில் ரோஸ்மில்க். "இந்த வாட்டி நீங்கதான், வேற யாரு" என்று வாசல்வரை வந்து வழியனுப்பினார்கள். பைப்புக்காரம்மா, அதே குடத்துக்காரி, என்னை உட்கார வைத்துத் தட்டில் வாழைப்பழம் வைத்துக் கொடுத்தாள். அவள் வீட்டை விட்டு வெளியே வந்து தெருவில் நின்றேன். ஒரு வாரமாக இத்தனை வீடு ஏறி இறங்கியும் ஒருத்தர்கூட என்னைத் திட்டவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

என் மனப்பிரமையாக இருக்கலாம், உன் பழைய பட்டியலோடு ஒத்துப் பார்ப்போம் என்று உன் வீட்டுக்குப் போனேன். உன் வீட்டுக்காரர் அப்போதுதான் ஜங்ஷனிலிருந்து ஆட்டோவைக் கொண்டு வந்து நிறுத்தியிருந்தார். என்னைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டார். "செத்த அன்னிக்குக் கொடி போத்துனாங்க, போட்டா புடிச்சாங்க. அதுக்கப்பறம் ஒருத்தன் இந்த வூட்டுப் பக்கம் எட்டிப் பாத்தானாக்கா? நீங்களே எத்தினி மாசங் கழிச்சு வரீங்க?" தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. மனசுக்குள் உன் வீட்டுக்குப் பச்சை டிக் போட்டுக்கொண்டேன்.

திட்டி முடித்துவிட்டு, பீரோ மேலிருந்து ஒரு ஜவுளிக்கடைப் பையை எடுத்துக் கொடுத்தார். "இதுல எல்லாம் இருக்குது. அது போனப்புறம் யாரும் தொறக்கல." நீ நின்ற தேர்தலின் பட்டியல்தான் மேலே இருந்தது. பக்கத்தைப் புரட்டினேன். எங்கள் தெரு வந்தது. எங்கள் கதவு இலக்கம் வந்தது. ஐந்து பெயர். ஐந்துக்கும் சிவப்பு இன்ட்டு.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். கடைசிப் பக்கத்தில் உன் குண்டுக் கையெழுத்தில் கூட்டிப் போட்டிருந்தாய். நமக்கு இவ்வளவு, அவர்களுக்கு இவ்வளவு. முடிவோடு ஒப்பிட்டால் இரண்டு ஓட்டுதான் முன்னே பின்னே. நான் அதை மறுபடி மறுபடி கூட்டிப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு உன் வீட்டுக்காரர் சொன்னார்: "ஓட்டுக்கு மொத நாளே சொல்லிச்சுக்கா, தோத்துடுவேன்னு. யாரு காலை வாரப்போறாங்கன்னு கேட்டேன். அதெல்லாம் யாரும் இல்ல, கம்முனு இருன்னிடுச்சு."

ஆக, உனக்குத் தெரியும். அந்தக் கேசரி உன் வாயில் இருக்கும்போதே தெரியும். காபி கொடுக்கிற வீட்டைப் பற்றி உன் வாயாலேயே கேட்டவள் நான். உனக்கே காபி போட்டுக் கொடுத்து மாட்டிக்கொண்டிருக்கிறேன். அதற்குப் பிறகும் என்னை ஏஜென்டாக உட்கார வைத்தாய். எல்லார் முன்னாலும் உன் கணக்கைத் தப்பென்று சொல்லி என்னைக் காப்பாற்றினாய். கம்பெனியில் நான் குத்திக் காட்டும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தாய். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. உன் கணக்கு ஒரே ஒரு தடவை தப்பியது என்பதை வைத்துக்கொண்டு இத்தனை நாள் நான் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். அதையும் பிடுங்கிக்கொண்டாயே, பாவி.

ஞாயிற்றுக்கிழமை கட்சி ஆபீசில் கூட்டம். பூத் வாரியாக நிலவரம் கேட்டார்கள். ஒவ்வொருவராக எழுந்து, "சூப்பரா இருக்குதுண்ணே", "போற வூட்லயெல்லாம் காபி குடுத்து உபசரிக்கறாங்கண்ணே" என்றார்கள். அவர்கள் காபி, காபி என்று சொல்லச் சொல்ல நான் மனசுக்குள் ஒவ்வொரு பூத்துக்கும் சிவப்பு இன்ட்டு போட்டுக்கொண்டு வந்தேன். என் முறை வந்தது. எழுந்து, "நம்ம பூத்து வரலண்ணே. இவங்க சொல்றதப் பாத்தா டவுனே வரல" என்றேன்.

சிரித்தார்கள். ஏன் என்று கேட்டதற்கு உன் கணக்கைச் சொன்னேன். பின்னாலிருந்து ஒருவர், "அந்தம்மா கணக்குதான் அது நின்ன எலெக்ஷன்லயே புட்டுக்கிச்சே, இன்னும் எதுக்கு அதப் புடிச்சித் தொங்குற?" என்றார். மறுபடி சிரிப்பு. நகரச் செயலாளரும் கையை அசைத்து என்னை உட்காரச் சொன்னார்.

உட்கார்ந்திருக்கலாம். உட்கார்ந்திருந்தால் வார்டு எனக்கு. தேர்தலில் தோற்றால் எல்லோரோடும் சேர்ந்து நானும் தோற்றிருப்பேன், யாரும் என்னைத் தனியாகக் கேட்கப் போவதில்லை. ஆனால் இன்னும் நாள் இருக்கிறது. இப்போது தெரிந்தால் ஏதாவது செய்யலாம், எண்ணும் அன்றைக்குத் தெரிந்து என்ன பிரயோஜனம்? இன்னொரு முறை ஐந்து வருஷம் வெளியே நிற்க வேண்டியதுதான். நான் சொன்னால் எடுபடவில்லை. உன் கணக்குத் தப்பவில்லை என்று தெரிந்தால்தான் எடுபடும். அதைத் தெரிவிக்க என்னிடம் ஒரே ஒரு சாட்சிதான் இருந்தது. பையிலிருந்து உன் பட்டியலை எடுத்து மேஜைமேல் விரித்து வைத்தேன்.

"புட்டுக்கல. ஓட்டுக்கு மொத நாளே தோத்துடுவேன்னு கூட்டிப் போட்டு வச்சிருக்கா, பாருங்க. இந்த அஞ்சு இன்ட்டு என் வூட்டு ஓட்டு. நான்தான் மாத்திப் போடச் சொன்னேன்."

நகரச் செயலாளர், "ஏம்மா?" என்றார். "பொறாமண்ணே" என்றேன். சுற்றி வளைத்துச் சொல்ல அதில் ஒன்றும் இல்லை.

அவர் பட்டியலை இழுத்துக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். விரலால் கூட்டிப் பார்த்தார். பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை என்ன தெரியுமா? "அப்போ அது கணக்கு தப்பவே இல்ல!" எல்லோரும் எழுந்து மேஜையைச் சூழ்ந்துகொண்டார்கள். நான் செய்த துரோகம்கூட அவர்களுக்கு இரண்டாவதாகத்தான் பட்டது. என்னைப் பற்றிக் கேவலமாகப் பேச ஆரம்பிக்கவே நல்ல ஐந்து நிமிஷம் ஆனது. அந்த ஐந்து நிமிஷமும் உன் புகழ்தான் பாடினார்கள்.

பூத் பொறுப்பை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். வார்டைப் பற்றி இனி யாரும் என்னிடம் பேசப் போவதில்லை. உன் வீட்டுக்காரர் என்னைத் தெருவில் பார்த்தால் ஆட்டோவைத் திருப்பிக்கொண்டு போகிறார், அது நியாயம்தான். ஆனால் கூட்டம் முடிந்த மறுநாளே எல்லா பூத்திலும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். காபி கொடுக்கிற வீடுகளில் உட்கார்ந்து, எங்கே விட்டோம் என்று கேட்கிறார்கள். பைப்புக்காக நகராட்சி வாசலில் காலிக் குடங்களோடு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தார்கள். நானும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன், யாரும் போகச் சொல்லவில்லை. பைப்புக்காரம்மா வந்து, இத்தனை நாள் எங்கே போயிருந்தீர்கள் என்று அத்தனை பேரையும் ஒரு பிடி பிடித்தாள். அதைக் கேட்டு நகரச் செயலாளர் சிரித்த சிரிப்பைப் பார்த்திருக்க வேண்டும். ஆட்சி வருமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. போன மாதத்தைவிட இப்போது வாய்ப்பு இருக்கிறது, அவ்வளவுதான் சொல்வேன். வந்தால் 'அந்தப் பொண்ணு கணக்கு' என்று உன் பெயரைத்தான் சொல்வார்கள். இப்போதே அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். என் வாழ்க்கையில் நான் துணிந்து செய்த ஒரே காரியம், அதற்கும் பெயர் உனக்கு. எரிச்சலாகத்தான் இருக்கிறது. அதை மறைக்க எனக்குத் தெரியவில்லை, உன்னிடம் மறைத்தும் பயனில்லை.

இந்தத் தடவை விடிந்ததும் முதல் ஆளாக வரிசையில் நிற்பேன். நம் சின்னத்துக்குத்தான் போடுவேன். வீட்டு ஓட்டு ஐந்தும் நமக்குத்தான். இதில் யாரும் சந்தேகப்பட வேண்டாம். ஆனால் இனிமேல் எத்தனை தேர்தல் வந்தாலும், எத்தனை முறை நம் கட்சி ஆட்சிக்கு வந்தாலும், அந்த மிஷினில் உன் பெயர் இருக்காது, உனக்கு என்னால் ஒரு ஓட்டுப் போட முடியாது.